நீட்டிய கோடு

ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து மூன்றாவது முறை போன் வந்த பிறகுதான் போனேன். என் மனைவியிடம் கொடுத்திருந்த சர்க்கரை மீட்டரைத் திருப்பித் தர வேண்டுமாம். ஆராய்ச்சியின் சொத்தாம். அவள் இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. போனில் பேசிய பெண், "மேடத்துக்கு நடந்ததுக்கு ரொம்ப வருத்தம் சார்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "சார்ஜரும் இருக்கணும் சார்" என்றாள்.

சார்ஜரையும் தேடி எடுத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியின் நான்காவது மாடி. அங்கே வருபவர்கள் வெறும் வயிற்றில் வர வேண்டும் என்பதால் காலை நேரத்தில் அந்தக் கூடம் கொஞ்சம் சிடுசிடுப்பாகவே இருக்கும். எடை பார்க்கும் இயந்திரத்தின் முன்னால் செருப்பு, பெல்ட், சாவிக்கொத்து என்று ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். போனைக்கூட எடுத்து வைத்துவிட்டு ஏறுகிறவர்கள் உண்டு. என் மனைவி காதுத் தோட்டைக் கழற்றுவாள். நான் சிரிப்பேன். அந்த இயந்திரம் அதே இடத்தில்தான் இருந்தது.

"அடடே, மாப்ள!"

பஸ் டிரைவர். ஆராய்ச்சியில் சேர்ந்த நாளிலிருந்து என் மனைவியோடு ஒன்றாக வந்துபோனவர். இவளைத் தங்கச்சி என்றார். அதனால் நான் மாப்பிள்ளை ஆனேன். பரீட்சை மார்க்கை ஒப்பிடும் பிள்ளைகளைப் போல இரண்டு பேரும் சர்க்கரை அளவை ஒப்பிட்டுக்கொள்வார்கள். பிறகு அவருக்கு ஷிப்ட் மாறியது. வேறு கிழமையில் வர ஆரம்பித்தார். அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்பது அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே தெரிந்துவிட்டது.

"என்ன தனியா வந்திருக்க? தங்கச்சி எங்க? கீழ காபி குடிக்கிறாளா? வெறும் வயித்துல வரணும்னு எனக்கு வகுப்பு எடுத்துட்டு!"

 என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை.

"பெரிய ஆளாயிட்டா மாப்ள அவ. தலை சுத்துது, இந்த மாத்திரையே வேணாம், விட்டுடறேன்னு போன வாரம் வந்தப்ப சொன்னேன். உடனே உள்ள கூட்டிட்டுப் போய் கம்ப்யூட்டர்ல ஒருத்தரோட சர்க்கரைக் கோட்டைக் காட்டினாங்க. இவங்களுக்கும் ஆரம்பத்துல தலை சுத்துச்சு, விடாம சாப்பிட்டாங்க, இப்போ பாருங்கன்னு. பேரை மறைச்சுட்டாங்களாம். நம்மகிட்டயா? நடுவுல ஒட்டகத் திமில் மாதிரி ஒண்ணு நிக்குது. அது நம்ம கேக்கு!"

அந்தக் கேக் எனக்கும் தெரியும். அவருக்குப் பேத்தி பிறந்த அன்று கேன்டீனில் ஒரு முழுக் கேக்கை வாங்கி, அவரும் இவளும் பாதிக்குமேல் தின்று தீர்த்தார்கள். இரண்டு பேருக்கும் அளவு எகிறியது. இரண்டு பேருக்கும் திட்டு விழுந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இவள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"அதுக்கப்புறம் பாக்கணுமே. ஸ்கேல் வச்சு இழுத்த மாதிரி. ஆடல, அசையல. போன வாரம் வரைக்கும் அப்படியே நேரா போகுது. என் கோட்டைப் பாத்தா குடிகாரன் வீட்டுக்குப் போன வழி மாதிரி இருக்கு. அவ என்னதான் சாப்பிடுறா?"

"போன வாரம் வரைக்குமா அண்ணே?"

"ஆமா. ஏன்?"

அப்போதுதான் அவரைச் சரியாகப் பார்த்தேன். சட்டை வேறு யாருடையதோ போல இருந்தது. பெல்ட்டில் கத்தியால் குத்திய புது ஓட்டைகள். விரல் முட்டிகள் கறுத்திருந்தன, உதட்டோரமும். இவளுக்கும் அப்படித்தான் கறுத்தது. வெயில் என்று நினைத்தோம். இவள் ஒரு களிம்பு வாங்கித் தடவினாள்.

அவருடைய மனைவி தண்ணீர் பாட்டிலோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருடைய கை மூடியைத் திறக்காமல் நின்றது.

"உள்ள போய்ட்டு வரேன் அண்ணே" என்றேன்.

மீட்டரை வாங்கிக்கொண்ட பெண்தான் போனில் பேசியவள். ஒருங்கிணைப்பாளர். நல்ல பெண். சார்ஜரைச் சொருகிப் பார்த்து, விளக்கு எரிந்ததும் நன்றி சொன்னாள். என் மனைவியின் கோட்டைக் காட்டச் சொன்னேன். தயங்கினாள். பிறகு, கணவர்தானே என்று திரையைத் திருப்பினாள்.

ஏற்றம், இறக்கம், திமில், இறக்கம். பிறகு நேர்கோடு.

அவளை அடக்கம் செய்த நாள் அந்தக் கோட்டில் எங்கே இருக்கிறது என்று விரலால் தேடினேன். அங்கே சர்க்கரை நன்றாக இருந்தது. அதற்கடுத்த மாதமும் நன்றாக இருந்தது. நான் அவளுடைய புடவைகளைக் கட்டி அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிய மாதமும் நன்றாகவே இருந்தது.

"இது என்ன?"

"கடைசி அளவை அப்படியே நீட்டிடுவோம் சார். பாதியில வராம போறவங்களுக்கு அப்படித்தான். இல்லன்னா கணக்கு போட முடியாது. எல்லா இடத்துலயும் செய்யறதுதான்."

"அவ வராம போகல. செத்துட்டா."

"தெரியும் சார். ஆனா சிஸ்டத்துல ரெண்டுக்கும் ஒரே கட்டம்தான்."

நான் மின்சார அலுவலகத்தில் வேலை செய்கிறேன். மீட்டர் பார்க்கப் போகும்போது கதவு பூட்டியிருந்தால் நாங்களும் போன தடவை அளவையே போடுவோம். வீடு இடிந்துவிட்டால் போட மாட்டோம். மீட்டரைக் கழற்றிக்கொண்டு வந்துவிடுவோம். இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"இதைத்தான் வெளிய இருக்கற டிரைவருக்குக் காட்டினீங்களா?"

"அது... ஊக்கப்படுத்தறதுக்கு சார். பேரெல்லாம் மறைச்சுத்தான்."

ஆராய்ச்சியை நடத்தும் பெரிய டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றேன். நேரம் வாங்கவில்லையே என்றாள். கதவு பக்கத்தில்தான் இருந்தது. தட்டாமல் திறந்தேன்.

பெரிய டாக்டர் எழுந்து நின்று கை குலுக்கினார். உட்காரச் சொன்னார். மேஜையில் கண்ணாடியால் செய்த ஒரு அட்ரீனல் சுரப்பி இருந்தது. ஏதோ கூட்டத்தில் கொடுத்த பரிசு. சிறுநீரகத்தின் தலையில் குல்லா போட்டது மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பி. கார்டிசால் என்ற ஹார்மோன் அங்கேதான் சுரக்கிறது. அது சர்க்கரையை ஏற்றும். ஆகவே அதை அடக்கினால் சர்க்கரை இறங்கும் என்பது இவர்களுடைய ஆராய்ச்சி. பாதிப் பேருக்கு மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது.

அந்த ஹார்மோனுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. காய்ச்சல், வாந்தி, அடிபடுதல் என்று உடம்புக்கு ஏதாவது வந்தால் ஆளைத் தாங்கிப் பிடிப்பது அதுதான். அது குறைந்துபோனால் தலை சுற்றும், ஆள் இளைப்பான், விரல் முட்டியும் உதடும் கறுக்கும். இதையெல்லாம் என் மனைவி போன பிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அவளுக்கு வந்தது வயிற்றுப்போக்கு. எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கு வந்தது. எனக்கும் வந்தது. நான் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துகொண்டேன். அவள் எழவில்லை. பக்கத்து ஆஸ்பத்திரியில் பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். ரத்த அழுத்தம் ஏறவே இல்லை. எல்லாம் முடிந்த பிறகு அங்கிருந்த டாக்டர் ஒருவர் கேட்டார்: "ஸ்டீராய்டு மாதிரி ஏதாவது சாப்பிட்டுட்டு திடீர்னு நிறுத்தினாங்களா?" அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் படிக்க ஆரம்பித்தேன். அந்த ஹார்மோனுக்குப் பதிலாக ஒரு ஸ்டீராய்டு ஊசி போதுமாக இருந்திருக்கும். எந்த ஆஸ்பத்திரியின் அலமாரியிலும் இருக்கிற ஊசி. அவள் பையில் இருந்த ஆராய்ச்சி அட்டையில் அதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. 'இவர் எங்கள் ஆய்வில் பங்கேற்கிறார்' என்று மட்டும் இருந்தது.

"என் மனைவியோட கோடு இன்னும் ஓடுது டாக்டர்" என்றேன்.

"அது புள்ளியியல். உங்க மனைவியோட மரணம் தனியா பதிவாகியிருக்கு. மறைக்கல. குழு பார்த்தாச்சு. வயிற்றுத் தொற்று, மருந்துக்கு சம்பந்தமில்லைன்னு முடிவு."

"குழுவுல யாராவது கார்டிசால் பாத்தாங்களா?"

"அவங்க இறந்தது வேற ஆஸ்பத்திரியில. அங்க எடுக்கல."

"இங்க எடுத்தீங்க இல்ல? ஒவ்வொரு தடவையும் அத்தனை குப்பி ரத்தம் எடுத்தீங்களே."

"எடுத்தோம். ஆனா ஹார்மோன் முடிவு எங்க கண்ணுக்கு வராது. நேரா வெளி ஆய்வகத்துக்குப் போகும். ஆய்வு முடிஞ்சாதான் திறப்போம். அதைப் பார்த்தா யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாத்திரைன்னு எங்களுக்குத் தெரிஞ்சிடுமே. அப்புறம் ஆய்வுக்கு அர்த்தமே இல்ல."

அவர் இதைப் பொறுமையாக விளக்கினார். முன்பும் பலருக்கு விளக்கியிருப்பார் போலிருந்தது. அவளுடைய ரத்தம் அவளுக்கு என்ன ஆகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. யாரும் கேட்கக் கூடாது என்று விதி.

"அவளுக்குக் குடுத்தது மருந்தா, இல்லையா? அதையாவது திறந்து பாருங்க."

"அவசரம்னா திறக்கலாம். அதுக்கு வழி இருக்கு. ஆனா..." கையை விரித்தார். "அவங்க விஷயத்துல இப்போ அவசரம்னு ஒண்ணும் இல்லையே."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கோபம் வரும் என்று ஐந்து மாதமாக எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வரவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், அலுவலகம் போனேன். அந்த நிமிடத்தில் வந்தது. 

"வெளிய ஒருத்தர் உட்கார்ந்திருக்கார். அவருக்கு முட்டி கறுத்திருக்கு. எழுந்தா தலை சுத்துது. பாதியா இளைச்சிருக்கார். என் பொண்டாட்டி செத்த கோட்டைக் காட்டி அவரை மாத்திரை திங்க வச்சிருக்கீங்க. அவருக்கு இன்னைக்கே கார்டிசால் பாருங்க."

"ஆய்வோட விதியில இடமில்ல. அவர் தானா வெளியில போய்ப் பார்த்தா அதுவும் மீறல்தான். அவரை நீக்க வேண்டியிருக்கும். நீங்க உணர்ச்சிவசப்பட்டிருக்கீங்க. புரியுது."

"உங்களுக்குப் புரியல" என்றேன். எழுந்து வெளியே வந்தேன்.

டிரைவர் இன்னும் அதே நாற்காலியில் இருந்தார். அவர் முன்னால் குந்தி உட்கார்ந்தேன். நின்றுகொண்டு சொல்லக்கூடிய விஷயமாக இல்லை.

"அண்ணே, அவ இல்ல. அஞ்சு மாசம் ஆச்சு."

"எங்க இல்ல?"

"செத்துட்டாண்ணே."

சிரித்தார். "போடா. போன வாரம்தான்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். அவருடைய மனைவி பாட்டிலைத் தரையில் வைத்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி அளவை நீட்டுவது, ஹார்மோன், ஊசி, முட்டி கறுத்தது, எல்லாம். குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர்கள் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்கள். டிரைவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"இல்ல மாப்ள. எனக்கு நல்லா குறைஞ்சிருக்கு. இன்சுலின் ஊசி போட ஆரம்பிச்சா என்னைப் பஸ்ஸைத் தொட விட மாட்டாங்க. டிப்போல உட்கார வச்சு சீட்டுக் கிழிக்க விடுவாங்க. இன்னும் நாலே மாசம். இதுல தேறிட்டேன்னா லைசென்ஸ் புதுப்பிச்சிடுவேன். உனக்கு மனசு சரியில்ல. அதான் இப்படி எல்லாம் தோணுது."

"தலை சுத்தறப்பவா ஓட்டுறீங்க?"

"ஸ்டியரிங்கைப் பிடிச்சா சரியாயிடும்."

"சரியாயிடுமா?" என்றார் அவருடைய மனைவி. அதுவரை அவர் வாயே திறக்கவில்லை. "நேத்து சாயங்காலத்துல இருந்து நாலு தடவை வாந்தி எடுத்தீங்களே, அது எந்த ஸ்டியரிங்?"

"ஏய், சும்மா இரு."

"எதுக்கு சும்மா இருக்கணும்? தம்பி, வாந்தின்னு சொன்னா இன்னைக்குத் திருப்பி அனுப்பிடுவாங்கன்னு என் வாயை அடைச்சுக் கூட்டிட்டு வந்தாரு. காலைல செருப்பு மாட்டக் குனிஞ்சவரு எழுந்திருக்கவே இல்ல. சுவரைப் பிடிச்சுக்கிட்டே நின்னாரு."

வாந்தி. குந்தியிருந்தவன் எழுந்தேன்.

"அக்கா, இப்பவே கீழ போகணும். அவசரப் பிரிவுக்கு."

"இன்னைக்கு ரத்தம் குடுக்கலன்னா என்னை எடுத்துடுவாங்கய்யா" என்றார் டிரைவர்.

"எடுக்கட்டும்" என்றார் அவர் மனைவி. "இருபத்தெட்டு வருஷமா ஊரையே ஏத்தி இறக்கினீங்க. இன்னைக்கு ஒரு நாள் நான் இறக்கிக்கறேன். எழுந்திரிங்க."

எழுந்தார். எழுந்தவர் அப்படியே என் தோளில் சாய்ந்தார். ஒரு காலத்தில் இரண்டு நாற்காலியை அடைத்து உட்கார்ந்த மனிதர். எடையே இல்லை.

ஒருங்கிணைப்பாளர் ஓடிவந்தாள். "சார், இவருக்கு இன்னும் சாம்பிள் எடுக்கல! எடுக்காம போனா போன தடவை அளவைத்தான் நீட்ட வேண்டியிருக்கும்..." சொல்லி முடிப்பதற்குள் தான் என்ன சொல்கிறோம் என்பது அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சக்கர நாற்காலியைத் தேடிக்கொண்டு ஓடினாள்.

அவசரப் பிரிவில் இருந்தது இளம் பெண் டாக்டர். படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தார். உட்கார வைத்துப் பார்த்தார். முகம் மாறியது. நிற்க வைக்கவில்லை. மாத்திரை எதற்கானது என்று கேட்டார். கார்டிசாலை அடக்குவது என்று சொன்னேன். விரல் முட்டிகளைத் தூக்கி விளக்கில் பார்த்தார். கார்டிசாலுக்கென்று ஒரு குப்பி ரத்தம் எடுத்தார், முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. நர்ஸிடம் ஸ்டீராய்டு ஊசி கேட்டார். அலமாரியின் இரண்டாவது தட்டில் இருந்தது. எடுத்து, உடைத்து, போட்டார்கள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இவ்வளவுதானா என்று இருந்தது. இவ்வளவுதான்.

ஏற்றிய உப்புத் தண்ணீர் பாதி இறங்குவதற்குள் ரத்த அழுத்தம் ஏறியது. டிரைவருடைய கண்ணில் பழைய ஆள் திரும்பி வந்தார்.

"பசிக்குது" என்றார்.

"வாந்தி எடுத்த வாய்க்கு இப்போ சாப்பாடு கேக்குது" என்று சொல்லிவிட்டு அவருடைய மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

டாக்டர் கட்டிலோரம் நின்று நோயாளியின் குறிப்பை எழுதத் தொடங்கினார். தொந்தரவு எப்போது ஆரம்பித்தது, என்ன மருந்து, எத்தனை மாதமாக. பிறகு என்னைப் பார்த்தார்.

"இது இந்த ஹார்மோன் பிரச்சினைதான்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு? நீங்க டாக்டரா?"

"இல்ல. என் மனைவியும் இதே மாத்திரைதான் சாப்பிட்டா. இப்படித்தான் ஆச்சு. அவளுக்கு இந்த ஊசி போடல."

அவர் அதையும் எழுதினார்.

பெரிய டாக்டர் இறங்கி வந்தார். பின்னால் ஒருங்கிணைப்பாளர், அவள்தான் சொல்லியிருக்க வேண்டும். டிரைவருடைய நாடியைப் பிடித்துப் பார்த்தார். நல்ல டாக்டர்தான், பிடித்த விதத்தில் தெரிந்தது. "இப்போ திறக்கலாம். அவசரம். நான் போன் பண்றேன்" என்றார். பிறகு குறிப்பை வாங்கிப் படித்தார். ஒரு இடத்தில் நின்றார்.

"டாக்டர், இந்த வரி வேண்டாமே. இதே ஆய்வுல முன்னாடி ஒரு மரணம்னு. அது தனி விஷயம். குழு முடிவெடுத்தாச்சு. இவரோட தாள்ல எதுக்கு?"

"கூட வந்தவர் சொன்னது சார்."

"சொன்னாங்க. சரி. அடிச்சிடுங்க."

"அடிக்காதீங்க" என்றேன். கத்திவிட்டேன் போலிருக்கிறது. அடுத்த கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். "உங்க கோட்டுல அவ இன்னும் நல்லா இருக்கா. இந்த ஒரு இடத்துலயாவது செத்துட்டான்னு இருக்கட்டும். அந்தக் கோட்டை எங்க நிறுத்தப் போறீங்க, சொல்லுங்க."

"அதைப் பார்க்கலாம். நான் எழுதறேன். இப்போ ரெண்டு பேர் ஆகியாச்சு, குழு கேட்டுத்தான் ஆகணும்."

"ஒருத்தி பத்தலையா?"

அவர் குறிப்பை மறுபடி பார்த்தார்.

கட்டிலில் இருந்து டிரைவர் பேசினார். குரல் இன்னும் சரியாக எழும்பவில்லை. ஆனாலும் கடைசி சீட்டுக்குக் கேட்கும் குரல். "டாக்டரே, தங்கச்சி கோட்டை நிறுத்துங்க. இல்ல, நாலாவது மாடிக்கு ஏறி வந்து ஒவ்வொரு நாற்காலியா உட்கார்ந்து சொல்லுவேன். எனக்கு இனிமே வண்டியும் இல்ல, வேலையும் இல்ல. நிறைய நேரம் இருக்கு."

பெண் டாக்டர் குறிப்பைப் பெரிய டாக்டரின் கையிலிருந்து மெதுவாக வாங்கினார். பேனாவைத் திறந்தார். அந்த வரியின் மேல் பேனா நின்றது.  அவர் என்னைப் பார்த்தார்.

"உங்க மனைவி இறந்த தேதி?"

சொன்னேன்.

"எந்த ஆஸ்பத்திரி?"

சொன்னேன்.

எழுதினார். கையெழுத்துப் போட்டு, தாளைக் கட்டிலின் கால்பக்கம் மாட்டினார். அந்த மருந்தின் பெயருக்குக் கீழே அவள் இறந்த தேதியை எழுதிய முதல் ஆள் அவர்தான். வேறொருவருடைய தாளில்.

பெரிய டாக்டர் அதைப் படித்து முடிக்கும்வரை நான் அங்கிருந்து நகரவில்லை.